ஒயிட்ஹால் ஆய்வு எதை நிறுவியது, எதை நிறுவவில்லை

பெரிய பதவி, பெரிய கவலை, அதனால் மாரடைப்பு என்ற நம்பிக்கை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலாக இருந்தது. இதய நோய் என்றால் அதிகாரிகளின் நோய். அந்த நம்பிக்கையை உடைத்த ஆய்வு அதிகாரிகள் நிறைந்த இடத்திலேயே நடந்தது. பிரிட்டிஷ் அரசின் அமைச்சகங்கள் நிற்கும் லண்டன் தெருவுக்கு ஒயிட்ஹால் என்று பெயர். அரசுப் பணியில் இருந்த ஆண்கள் ஏறத்தாழ 18,000 பேரை 1967 முதல் டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் ஆகியோர் பரிசோதித்துப் பதிவு செய்தார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு ஒவ்வொருவரின் பதவி நிலையும் பதிவாயிற்று. பத்தாண்டுகளில் யார் யார் இறந்தார்கள் என்று மைக்கேல் மார்மட் தன் சகாக்களுடன் கணக்கெடுத்து 1984-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். கோப்பு சுமக்கும் பியூன், வாயிற்காவலர் போன்ற கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம், உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்காக இருந்தது.

இந்த மூன்று மடங்கைவிட முக்கியமானது நடுவில் இருந்தவர்களின் கணக்கு. உச்சிக்கு அடுத்த படியில் நல்ல சம்பளம், நல்ல வீடு, கௌரவமான வேலை எல்லாம் உள்ள அதிகாரிகளும் தமக்கு மேலே உள்ளவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். எழுத்தர்கள் அவர்களைவிட அதிகமாக. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுள் குறைந்தது. ஏழைக்கு நோய் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஏழை என்று யாரும் சொல்லாத மனிதருக்கும் அவருடைய படிக்கேற்ற நோய் உண்டு என்பது புதிய செய்தி.

மார்மட் இதிலிருந்து ஒரு கோட்பாட்டைக் கட்டினார். 2004-இல் வந்த அவருடைய ‘தி ஸ்டேட்டஸ் சிண்ட்ரோம்’ நூல் அதன் முழு வடிவம். தன் வேலையின் மீதும் வாழ்க்கையின் மீதும் ஒருவருக்குப் பிடி எவ்வளவு, சமூகத்தில் முழுப் பங்கேற்பு எவ்வளவு என்பவைதான் உடலைத் தீர்மானிக்கின்றன. படி இறங்க இறங்க இந்தப் பிடி தளர்கிறது. தளரும் பிடி தீராத மன அழுத்தமாகி இதயத்தைத் தாக்குகிறது என்பது அதன் சாரம். பின்னர் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். அமர்த்தியா சென் உறுப்பினராக இருந்த அந்த ஆணையம் 2008-இல் அறிக்கை தந்தது. 2010-இல் இங்கிலாந்து அரசுக்காக இன்னொரு பெரிய அறிக்கையை அவர் எழுதினார். உடல்நல ஏற்றத்தாழ்வைப் பற்றி இன்று உலகில் நடக்கும் பேச்சில் பாதி இந்த ஒரு மனிதரின் சொற்களில்தான் நடக்கிறது. அதனாலேயே அந்தக் கோட்பாட்டை உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படிக்குப் படி ஆயுள் குறையும் இந்தச் சரிவு உண்மையா என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. உண்மைதான். 1985-க்கும் 1988-க்கும் இடையில் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்விலும் அது தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதன் கூர்மை குறைந்தது, ஆனால் மறையவில்லை. ஒயிட்ஹாலுக்கு வெளியே அது இன்னும் கொடூரமாக இருந்தது: 2008 அறிக்கையின் கணக்குப்படி கிளாஸ்கோ நகரின் கால்ட்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54, சில மைல் தள்ளியிருக்கும் லென்ஸியில் 82. ஒரே நாடு, ஒரே மருத்துவச் சேவை, 28 ஆண்டு இடைவெளி.

தகராறு தொடங்குவது காரணத்தில்.

கீழ்நிலை ஊழியர்கள் அதிகம் புகைக்கிறார்கள், உடற்பயிற்சி செய்வதில்லை, காய்கறி தின்பதில்லை, அதனால் சாகிறார்கள் என்பது எளிதில் கையில் கிடைக்கும் விளக்கம். மார்மட் இதை ஆரம்பத்திலேயே மறுத்தார். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் சரிவின் பெரும்பகுதி மிஞ்சியது. புகைக்காதவர்களிடையேகூட அது இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த மறுப்பு அசையாமல் நின்றது. பிறகு 2010-இல் சில்வியா ஸ்ட்ரிங்கினியும் சகாக்களும் இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வின் தரவுகளையே எடுத்து ஓர் எளிய திருத்தம் செய்தார்கள். பழக்கங்களை ஆரம்பத்தில் ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாமல், 24 ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கிய பதில்களைக் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு முறை கேட்ட பதிலை வைத்தபோது பழக்கங்கள் சரிவில் 42 விழுக்காட்டை விளக்கின. திரும்பத் திரும்பக் கேட்ட பதில்களை வைத்தபோது 72 விழுக்காடு. காலம் போகப் போக மேல்நிலையில் இருந்தவர்கள் புகையை விட்டார்கள், கீழே இருந்தவர்கள் அந்த வேகத்தில் விடவில்லை. ஒரு முறை எடுத்த அளவு இதைத் தவறவிட்டிருந்தது.

மார்மட்டின் பழைய மறுப்பு இதோடு வலுவிழந்தது. ஆனால் ‘எல்லாம் அவரவர் பழக்கம், அவரவர் பொறுப்பு’ என்று முடிவு கட்ட நினைத்தவர்களுக்கு அடுத்த ஆண்டே அதே ஆய்வாளர்கள் பதில் வைத்திருந்தார்கள். ஒயிட்ஹால் ஊழியர்களோடு பிரெஞ்சு மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்களின் ‘கசல்’ ஆய்வை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் கீழ்ப்படிக்காரர் மேல்படிக்காரரைவிட அதிகமாக இறந்தார்; பிரான்சில் இடைவெளி சற்று அதிகமாகவே இருந்தது. பழக்கங்கள் லண்டனில் அந்த இடைவெளியில் 75 விழுக்காட்டை விளக்கின. பிரான்சில் 19 விழுக்காட்டை மட்டுமே. புகை இரு நாட்டிலும் ஒரே அளவு கொன்றது. புகைப்பவர் யார் என்பதுதான் மாறியது: பிரான்சில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றுபோல் புகைத்தார்கள்.

இந்த இரு எண்களும் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தன. பழக்கம்தான் மூலகாரணம் என்றால், பழக்கங்கள் படிவாரியாகப் பிரியாத பிரான்சில் சரிவு சிறுத்திருக்க வேண்டும். சிறுக்கவில்லை. அங்கே அது வேறு வழியாக வந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் இருவரும் 1995-இல் சொன்னது இதற்கு நெருக்கமானது: பணமும் அறிவும் செல்வாக்கும் உள்ளவர்கள் எந்தக் காலத்திலும், எந்த நோயிலிருந்தும் தப்பிக்கும் வழியை முதலில் கண்டடைவார்கள், ஒரு வழி அடைபட்டால் சரிவு இன்னொரு வழியில் திறக்கும். பிரிட்டிஷ் மருத்துவர்களின் கதையே இதற்குச் சான்று. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951-இல் அந்நாட்டு மருத்துவர்களைப் பின்தொடரத் தொடங்கி, புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்தினார்கள். செய்தி வந்ததும் புகையை விட்டவர்களில் மருத்துவர்கள் முன்வரிசை. அதுவரை எல்லா வர்க்கத்துக்கும் பொதுவாக இருந்த சிகரெட், அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஏழையின் பழக்கமாயிற்று. எனவே பழக்கத்தை ஏற்றத்தாழ்வுக்கு எதிரான விளக்கமாக நிறுத்துவது தவறு. ஏற்றத்தாழ்வு இறங்கி வரும் பாதைகளில் அதுவும் ஒன்று. இந்த இடத்தில் மார்மட் சொன்ன காரணம் பிழையானாலும் அவர் பார்த்த திசை சரி.

இனி கோட்பாட்டின் இதயம்: வேலை மீதான பிடி. 1997-இல் இரண்டாம் ஒயிட்ஹால் குழு, இதய நோய்ச் சரிவை விளக்குவதில் வேலையில் கட்டுப்பாடு குறைவாக இருப்பதே மிகப் பெரிய பங்கு வகிக்கிறது என்று அறிவித்தது. ஊழியர் சங்கங்கள் இதைப் பற்றிக்கொண்டன. எனக்கும் அந்த ஈர்ப்பு புரிகிறது. மேலதிகாரியின் கண் அசைவுக்காகக் காத்திருந்து தேய்ந்த எந்த எழுத்தரும் இதை உடனே நம்புவார். ஆனால் ஒயிட்ஹாலில் பதவிக்கும் பிடிக்கும் நடுவே கோடு போட இடமே இல்லை. உயர் அதிகாரி என்பதன் பொருளே தன் வேலையைத் தானே தீர்மானிப்பவர் என்பது. பதவியை அளந்தாலும் பிடியை அளந்தாலும் ஏறத்தாழ ஒன்றையே இரு முறை அளக்கிறோம். அப்படியிருக்க, பதவி தரும் நன்மையைப் பிடி ‘விளக்கிவிட்டது’ என்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

பதவி ஏற ஏற அழுத்தமும் ஏறும் ஒரு மக்கள்கூட்டம் கிடைத்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். அப்படி ஒன்று கிடைத்தது. ஜான் மக்ளௌட், ஜார்ஜ் டேவி ஸ்மித் ஆகியோர் 2002-இல் ஸ்காட்லாந்தின் 5,606 தொழிலாளர், அலுவலர் ஆண்களின் தரவை வெளியிட்டார்கள். அங்கே தமக்கு மன அழுத்தம் அதிகம் என்று சொன்னவர்கள் மேல்வர்க்கத்தினர். அழுத்தம் அதிகம் என்றவர்கள் நெஞ்சு வலியும் அதிகம் என்று சொன்னார்கள். ஆனால் வாய்ச்சொல்லை நம்பாத அளவீடுகளில் அவர்களுடைய இதய நோய் கூடவில்லை. எதையும் சற்று மிகையாகச் சொல்லும் மனநிலை அழுத்தத்தையும் வலியையும் ஒருசேர உயர்த்திக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. பத்தாண்டு கழித்து, இரண்டாம் ஒயிட்ஹாலை நடத்திய மிகா கிவிமாக்கியே ஐரோப்பாவின் பல ஆய்வுகளைச் சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம் பேரின் கணக்கைப் பார்த்தார். வேலைப் பளு அதிகமாகவும் பிடி குறைவாகவும் உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் 23 விழுக்காடு கூடுதல். இது பொய்யான விளைவு இல்லை. ஆனால் மொத்த இதய நோயில் இதற்குரிய பங்கு 3.4 விழுக்காடு. மூன்று மடங்கு இறப்பு என்ற மலையை இந்தத் தூண் தாங்காது.

மார்மட்டின் நூலில் வந்த சில துணைச் சான்றுகள் இன்னும் மோசமாக இடிந்தன. ஆஸ்கர் விருது வென்ற நடிகர்கள், பரிந்துரை மட்டும் பெற்றவர்களைவிடச் சுமார் நான்கு ஆண்டு அதிகம் வாழ்கிறார்கள் என்ற 2001-ஆம் ஆண்டு ஆய்வை மார்மட் ஆர்வத்தோடு எடுத்தாண்டார். அந்தஸ்து மட்டுமே ஆயுளைக் கூட்டும் என்பதற்கு இதைவிடக் கவர்ச்சியான எடுத்துக்காட்டு கிடைக்காது. 2006-இல் மறுகணக்கு வந்தது. 60 வயதில் விருது வாங்கியவர், வாங்குவதற்காகவே 60 வரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளையும் விருதின் பலனாகப் பழைய கணக்கு எழுதியிருந்தது. அதைச் சரிசெய்ததும் இடைவெளி ஓராண்டளவுக்குச் சுருங்கி, தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாததாயிற்று.

ஒயிட்ஹாலின் சொந்தப் பதிவுகளிலேயே வேறொரு கதை படிக்கப்படாமல் கிடந்தது. முதல் ஆய்வில் கார் வைத்திருந்தவர்கள், அதே பதவியில் கார் இல்லாதவர்களைவிடக் குறைவாக இறந்தார்கள். ஒரே நாற்காலி, ஒரே மேலதிகாரி, ஒரே அளவு ‘பிடி’; வீட்டின் வசதி மட்டும் வேறு. கீழ்நிலை ஊழியர்கள் உயரம் குறைந்தவர்களாக இருந்ததும் அந்தப் பதிவுகளில் உண்டு. உயரம் அலுவலகத்தில் வளர்வதில்லை. அது குழந்தைப் பருவத்துச் சோற்றின், அடிக்கடி வந்த நோயின் முத்திரை. ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன் என்ற பொருளியலாளர்கள் 2011-இல் இரண்டாம் ஒயிட்ஹால் தரவை இந்தக் கண்ணோடு அலசினார்கள். சிறுவயது உடல்நலமும் குடும்பச் சூழலும் ஒருவர் எந்தப் படியில் பணியில் சேர்கிறார், எவ்வளவு ஏறுகிறார் என்பதோடும், நடுவயதில் எப்படி இருக்கிறார் என்பதோடும் சேர்ந்தே வந்தன. ஆனால் இன்றைய பதவி நாளைய உடல்நலத்தை மாற்றுகிறது என்பதற்கு அவர்களுக்குச் சான்று அகப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் ஓடும் ஆற்றின் கழிமுகத்தில் நின்று, நீர் அங்கேதான் ஊறுகிறது என்று எண்ணியதுபோல ஆயிற்று ஒயிட்ஹால் விளக்கம்.

மார்மட் தரப்புக்கு ஒரு நல்ல பதில் உண்டு. பிடி என்று அவர் சொன்னது அலுவலக மேசையோடு முடிவதில்லை, பிறந்தது முதலான மொத்த வாழ்க்கையையும் குறித்தது என்பார்கள். சரிதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் வீடு, பணம், பள்ளி, தாயின் உணவு எல்லாவற்றையும் வைத்துவிட்டால், அது காரணம் என்ற இடத்தை இழந்து, பணத்துக்கும் அதிகாரத்துக்கும் இன்னொரு பெயராகிவிடுகிறது. பணம், அதிகாரம் என்றே சொல்லிவிட்டால் யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்து நிற்கும். 2008 அறிக்கையைப் பொதுச் சுகாதார அறிஞர் விசென்டே நவாரோ கண்டித்தது இதற்காகத்தான். ஏற்றத்தாழ்வு கொல்கிறது என்று சொல்லும் அறிக்கை, அந்த ஏற்றத்தாழ்வால் ஆதாயம் அடைபவர் யார் என்று சொல்லத் தயங்குகிறது என்றார் அவர். அந்தக் கண்டனம் இன்றும் செல்லும்.

செயலில் என்ன நடந்தது என்பதும் சான்றுதான். 1997 முதல் 2010 வரை பிரிட்டனின் லேபர் அரசு ஏற்றத்தாழ்வைக் குறைக்கத் திட்டமிட்டுச் செலவழித்தது: குறைந்தபட்ச ஊதியச் சட்டம், குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கு வரிச் சலுகை வழியாகப் பணம், ஏழைப் பகுதிகளில் ‘ஷூர் ஸ்டார்ட்’ குழந்தை மையங்கள், அப்பகுதிகளின் மருத்துவச் சேவைக்குக் கூடுதல் நிதி. பென் பார், மார்கரெட் வைட்ஹெட் உள்ளிட்டோர் 2017-இல் காட்டியபடி, இங்கிலாந்தின் மிக நலிந்த பகுதிகளுக்கும் பிற பகுதிகளுக்கும் இடையே அதுவரை விரிந்துவந்த ஆயுள் இடைவெளி அந்த ஆண்டுகளில் குறுகியது. சிக்கனக் கொள்கை வந்தபின் மறுபடி விரிந்தது. 2020-இல் மார்மட்டே எழுதிய பத்தாண்டு மறுபார்வையும் அதே துயரத்தைப் பதிவு செய்தது. மேற்சொன்ன செலவுகளில் எதுவும் எழுத்தருக்குத் தன் வேலை மீது கூடுதல் பிடி தரும் திட்டம் அன்று. பணமும் குழந்தைப் பருவமும் மருத்துவமும்தான். 2010 அறிக்கையில் மார்மட் முதலிடம் கொடுத்ததும் குழந்தைகளின் ஆரம்ப ஆண்டுகளுக்கே. அவருடைய பரிந்துரைகள் அவருடைய விளக்கத்தைவிட மேலானவை.

இந்தத் தீர்ப்புக்கு எதிராக வைக்கக்கூடிய வலிமையான சான்று ஸ்காண்டிநேவியா. தாராளமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்வீடனிலும் நார்வேயிலும், படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான இறப்பு விகித ஒப்பீடு இத்தாலி, ஸ்பெயினைவிடச் சிறியதாக இல்லை என்று யோஹான் மாக்கன்பாக்கின் 2008 ஆய்வு காட்டியது. பணம் பங்கிட்டும் பயனில்லையா? தென் ஐரோப்பாவில் புகை இன்னும் ஏழைகளின் பழக்கமாக முழுமையாக மாறியிருக்கவில்லை என்பது விடையின் ஒரு பகுதி. இன்னொன்று, விகிதம் எவ்வளவு என்பதோடு உயிர் எத்தனை என்றும் கேட்க வேண்டும்: குறைவாகப் படித்த ஸ்வீடன்காரர், அதே நிலையில் உள்ள ஹங்கேரியரைவிட மிகக் குறைவாகவே இறக்கிறார். சாகாமல் இருப்பவருக்கு அந்தக் கணக்குதான் முக்கியம்.

இந்தியாவில் மார்மட்டின் பெயர் கருத்தரங்குகளில் ஒலிக்கும்போது எனக்கு வேறொரு கவலை எழுகிறது. ஒயிட்ஹால் ஊழியர் அனைவருக்கும் நிரந்தர வேலை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, 1948 முதல் இலவச மருத்துவச் சேவை இருந்தது. அவ்வளவும் கொடுத்த பிறகு மிஞ்சிய சரிவைத்தான் அந்த ஆய்வு அளந்தது. நமக்கு அதற்கு முந்தைய படிகளே முடியவில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியரும் சகாக்களும் 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் மாரடைப்பு போன்ற கடும் இதய நோயோடு வந்த 20,937 பேரைப் பதிவு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2 விழுக்காடு. கிடைத்த சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைச் சமன் செய்து கணக்கிட்டபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. இங்கே மன அழுத்தக் கோட்பாட்டுக்கு வேலையே இல்லை; இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தும் அடைப்பை நீக்கும் சிகிச்சையும் ஒருவருக்குக் கிடைத்தன, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. சிறிய மருத்துவமனைகளை அடைப்பு நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நடத்திய மாரடைப்புத் திட்டம் இதன் மறுபக்கம். 2017-இல் வெளியான அதன் முடிவில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6-இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தார்கள்.

ஆனால் ஒரு சான்று என்னை அவசரப்பட விடவில்லை. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் தரவை வைத்து சங்கீதா வியாஸும் சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு அது. உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் 4 ஆண்டுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுக்கு மேலும், முஸ்லிம்களின் ஆயுள் சுமார் ஓராண்டும் குறைவு. சொத்து வசதியில் உள்ள வேறுபாடு இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. பணத்தால் விளங்காத இந்த மீதிதான் மார்மட் தேடியது என்று சொல்லத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மீதிக்குள் அவமானம் தரும் உடல் தேய்வு இருக்கலாம். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெரு, அங்கே வராத குடிநீர், மருத்துவமனையில் தொட்டுப் பார்க்கத் தயங்கும் கை, தலைமுறைகளாகக் கட்டாயப்படுத்தப்பட்ட நச்சு வேலை ஆகியவையும் இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயுவில் மூச்சடைத்துச் சாகும் தொழிலாளிக்கு அந்தஸ்து இல்லாததால் அந்த வேலை வந்தது, வாயுவால் சாவு வந்தது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தடுக்க வேண்டியதும் மறைந்துபோகும். அந்தஸ்து கொல்வது உண்மை. பெரும்பாலும் அது வேலை, இடம், சிகிச்சை ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுப்பதன் வழியாகவே கொல்கிறது.

ஆகவே ஒயிட்ஹாலின் சரிவை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கு மார்மட் சொன்ன நடுநாயகமான காரணத்தை நிரூபிக்கப்படாதது என்று ஒதுக்குகிறேன். அவருடைய பரிந்துரைகளைக் காரணத்திலிருந்து பிரித்தெடுத்து வைத்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் போராடினார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் விடக்கூடாது, தம்மை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஒயிட்ஹாலில் மூன்று மடங்கு இறந்த பியூனுக்கு ஏற்கெனவே இருந்தவை நிரந்தர வேலையும் ஓய்வூதியமும். அவற்றைக் கேட்ட அந்தக் கோரிக்கையைத் தொழிலாளர் துறை மட்டுமே பார்க்க வேண்டிய விஷயமாக நாம் நடத்தினோம். மக்கள் நல்வாழ்வுத் துறையும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.